கப்பலேறாத பெருக்கமரம்

அம்மா அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு வந்து மூன்றாம் நாள். 2023 மார்ச். கோடை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் காலை எட்டு மணிக்கே கார் ஸ்டியரிங் கையைச் சுட்டது. கிங்ஸ் பார்க்கிற்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் முதலில் அங்கேதான் கொண்டுபோவோம். மேட்டில் நின்றால் சுவான் ஆறும் நகரமும் ஒரே பார்வைக்குள் விழும், படம் எடுக்கலாம், வாகனம் நிறுத்தக் காசும் இல்லை. அம்மா ஆற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வயிறு பெருத்த ஒரு மரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தபடி அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார். இலையைப் பார்த்தார், ஐந்தாறு விரல் விரித்த கை மாதிரி. "தம்பி, இது எங்கட பெருக்கமரமெல்லே? இதை ஆர் இஞ்ச கொண்டந்து நட்டது?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அந்த மரத்துக்குக் கிஜா ஜுமுலு என்று பேர். ஜுமுலு என்றால் கிஜா என்ற ஆதிக்குடி மக்களின் மொழியில் இந்த மரம்தான். வெள்ளைக்காரர்கள் போவாப் என்பார்கள். இங்கிருந்து 3,200 கிலோமீற்றர் வடக்கே, கிம்பர்லியில் வார்மன் என்ற ஊருக்குப் பக்கத்தில், பெருந்தெருவுக்குப் பாலம் கட்ட வேண்டிய இடத்தில் நின்ற மரம். வெட்ட மனமில்லாமல் 2008 ஜூலையில் வேரோடு கிளப்பி, நீண்ட லொறியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். 36 தொன் எடை. வயது சுமார் 750 இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிஜா மூத்தவர்கள் சடங்கு செய்து வழியனுப்பிவைத்தார்களாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "750 வயசு ஆளை லொறியில ஏத்தினவங்களோ" என்றார். பிறகு, "சரி, அந்தக் கிம்பர்லிக்கு ஆர் கொண்டுபோனது?"

அம்மா பிறந்தது மன்னார் பள்ளிமுனையில். அந்த ஊர்ப் பெருக்கமரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: உயரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், பன்னிரண்டு பேர் கை கோத்தால்தான் ஒரு சுற்று வரும். தோல் யானையின் தோல். அரபு வணிகர்கள் ஒட்டகத்துக்குத் தீனியாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர்க்கதை. நெடுந்தீவில் ஒன்று நிற்கிறது, உள்ளே கோறையாகி, ஆள் போய் நிற்கலாம். தமிழ்நாட்டில் பொந்தன்புளி என்றும் ஆனைப்புளி என்றும் சொல்லும் மரமும் இதுவே. எங்கள் பக்கத்தில் நிற்கும் அத்தனையும் ஆபிரிக்க இனம். மனிதர் கையால் வந்தவை. அதனால்தான் அம்மாவுக்கு அந்தக் கேள்வி. அவர் அறிந்த பெருக்கமரம் தானாக எங்கும் போகாது. யாராவது கொண்டுவர வேண்டும்.

ரொட்டியால் செய்த கண்டம்

அன்றிரவு தேங்காய் ரொட்டி. அம்மா சுட்டதில் வட்டம் பிசகாத ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத் தொடங்கினேன். தெற்கே ஒரு காலத்தில் எல்லாம் ஒரே நிலம், கொண்டுவானா. பிய்த்தேன். இது ஆபிரிக்கா. இது அந்தாட்டிக்காவும் அவுஸ்திரேலியாவும். நடுவில் இந்தத் துண்டு மடகஸ்காரும் இந்தியாவும் சேர்ந்தது, இலங்கை அதன் ஓரத்தில். முதலில் ஆபிரிக்காவை விட்டு இது கழன்றது, சுமார் 16 கோடி வருடத்துக்கு முன். பிறகு அந்தாட்டிக்காப் பக்கமும் பிரிந்தது, அதுவும் 10 கோடி வருடத்துக்கு முன்னரே. கடைசியாக, 8 கோடியே 80 இலட்சம் வருடம் அளவில், மடகஸ்காரை விட்டு இந்தியா கழன்று வடக்கே ஓடியது. பெருக்கமரத்தில் உலகம் முழுக்க எட்டு இனம்தான். ஆறு மடகஸ்காரில். ஒன்று ஆபிரிக்கப் பெருநிலத்தில். ஒன்று இங்கே, அவுஸ்திரேலியாவின் வடமேற்கில். மரம் எங்கும் போகவில்லை அம்மா, நிலம்தான் உடைந்து போனது. மரம் நின்ற இடத்திலேயே நின்று போய்ச் சேர்ந்துவிட்டது.

சொல்லி முடித்தபோது எனக்கே திருப்தி. இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். மகளின் வகுப்புத் தோழிகளுக்கு, வேலையிடத்தில், ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. கேட்பவர் முகத்தில் ஓர் ஒளி வரும், அதைப் பார்க்க எனக்கு ஆசை. அம்மா முகத்தில் ஒளி வரவில்லை. தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடகஸ்கார்த் துண்டையும் இந்தியத் துண்டையும் இரண்டு விரலால் திரும்ப ஒட்டவைத்தார்.

"இந்த ரெண்டும்தானே கடைசி மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது எண்டு சொன்னனீ?"

"ஓமம்மா."

"அப்ப எங்கட பக்கம்தானே கூட இருக்க வேணும். அங்க ஆறு நிக்குது. கன காலத்துக்கு முந்தியே கழண்டு போன இந்த ஊரிலயும் ஒண்டு நிக்குது. கடைசியாப் பிரிஞ்ச எங்களிட்ட மட்டும் ஒண்டும் இல்லை. எங்களுக்கு ஏன் அரபிக்காரன் கப்பல்ல கொண்டுவர வேண்டிக்கிடந்தது?"

நான் ரொட்டியைத் தின்னத் தொடங்கினேன். வேறு என்ன செய்ய?

பதிலாக ஏதோ சொன்னேன் என்று நினைவு. இந்தியா வடக்கே ஓடும்போது காலநிலை மாறியது, எரிமலை வெடித்தது, இருந்ததெல்லாம் அழிந்திருக்கும் என்று. முழுப் பொய் இல்லை. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவியது உண்மை, இந்தியா வெப்பமண்டலத்தைக் குறுக்கே கடந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் செய்தது விளக்கம் இல்லை, ஒட்டுப்போடுதல். ஒரு கதை அழகாக இருக்கிறது என்பதற்காக, அதில் விழுந்த ஓட்டையை இன்னொரு கதையால் அடைக்கப் பார்த்தேன். அம்மா "ம்" என்றார். அவருடைய "ம்" எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப் பார்த்தபோது

மூன்று மாத விசா முடிந்து அம்மா மன்னாருக்குத் திரும்பிய பிறகும் அந்த "ம்" எனக்குள் கிடந்து உறுத்தியது. ஓய்வு நேரத்தில் வாசிக்கத் தொடங்கினேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, சுரங்க நிறுவனம் ஒன்றில் குழாய், பம்பு பார்க்கிற ஆள். ஆனாலும் கணக்கு கணக்குத்தான். பெருக்கமர இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு டேவிட் பாம் என்ற தாவரவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998இலேயே சொல்லிவிட்டார்கள்: அவுஸ்திரேலிய மரமும் மற்றவையும் பிரிந்தது கொண்டுவானா உடைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, கடல் கடந்துதான் போயிருக்க வேண்டும் என்று. இருபத்தைந்து வருடமாக வெளிச்சத்தில் கிடந்த செய்தி. நான்தான் பந்திகளில் பழைய கதையை விற்றுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த வருடம், 2024 மே மாதம், இன்னும் பெரிய வேலை ஒன்று வெளிவந்தது. சீனாவின் வூஹான் தாவரவியல் பூங்கா, லண்டன் கியூ தோட்டம், மடகஸ்காரின் அந்தனனரிவோ பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்தது. எட்டு இனத்தின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் இந்த மரக்குடும்பம் மடகஸ்காரில் முளைத்தது சுமார் 2 கோடியே 10 இலட்சம் வருடத்துக்கு முன். அங்கிருந்து ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனது கடந்த 1 கோடியே 20 இலட்சம் வருடத்துக்குள். மரபணுவில் எழுத்துப் பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேரும் வேகத்தை வைத்துப் போடுகிற கணக்கு இது. ஊரில் கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தடத்தின் ஆழம் பார்த்து எத்தனை வருடக் கிணறு என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுபோல. ஆகவே இலட்சக்கணக்கில் முன்பின் இருக்கும். இருக்கட்டுமே. கணக்கு மூன்று மடங்கு பிழை என்றே வைப்போம், 2 கோடியே 10 இலட்சம் 6 கோடியே 30 இலட்சம் ஆகும். அப்போதும் இந்தியா மடகஸ்காரை விட்டுப் போய் இரண்டரைக் கோடி வருடம் ஆகியிருக்கும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இந்தியா கழன்றபோது அங்கே பெருக்கமரமே பிறந்திருக்கவில்லை. பிறந்தபோது இந்தியா ஆசியாவில் மோதி இமயமலையைத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பங்கு மறுக்கப்படவில்லை. பந்தியே எங்களுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. அதற்கப்புறம் கொட்டை கடலில் போனது. இரண்டு திசையில் போனது கரை சேர்ந்தது. எங்கள் திசையில் போனதாகத் தடயம் இல்லை.

நிலம் போனது என்ற கதை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று பிறகு யோசித்தேன். 1990 ஜூனில் எனக்கு ஏழு வயது. பள்ளிமுனையிலிருந்து இரவில் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போய், பிறகு மண்டபம் முகாமில் நான்கு வருடம். வள்ளத்தில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது, நான் இருமுவேன் என்று. இப்படி ஒரு பிள்ளைக்கு, நீ போகவில்லை, நிலம்தான் உன்னைவிட்டு நகர்ந்தது என்று யாராவது சொன்னால் இனிக்கத்தானே செய்யும். யாரிலும் பிழை இல்லாத பிரிவு. அம்மாவுக்கு அப்படி ஒரு தேவை இல்லை போலும். வள்ளத்துக்குக் காசு கொடுத்தது அவர்.

ஒரு மரத்தின் கதை எல்லா மரத்துக்கும் இல்லை

இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கொண்டுவானாக் கதையே பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்வீர்கள். நிலம் ஏறி வந்த மரங்கள் இருக்கின்றன. இலங்கையின் சிங்கராஜக் காட்டுக்குப் போனால் வானத்தை முட்டிக்கொண்டு நிற்பவற்றில் பெரும்பகுதி எண்ணெய் மரக் குடும்பம்; சால், குங்கிலியம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். போர்னியோ, மலேசியாப் பக்கம் போனால் காடே அவைதான், நூற்றுக்கணக்கான இனங்கள். இலங்கையில் மட்டும் ஐம்பதுக்கு மேல், அநேகமாக எல்லாம் வேறெங்கும் இல்லாதவை. ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் சொற்பம். அப்படியென்றால் ஆசியாவில் பிறந்த குடும்பம் என்றுதானே நினைப்போம்? புதைபடிவ மகரந்தத்தை வைத்து 2022இல் வந்த ஆய்வு தலைகீழாகச் சொன்னது: ஆபிரிக்காவில் பிறந்தவை, டைனோசர் காலத்தின் கடைசியில் இந்தியாவுக்கு ஏறி, இந்தியா என்ற தோணியில் வந்து ஆசியாவில் இறங்கின. அதிகமாக இருக்கும் இடம் பிறந்த இடமாக இருக்க வேண்டும் என்றில்லை. பிறந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமல், போன இடத்தில் ஊராய்ப் பெருகியிருக்கிறார்கள்.

யூகலிப்டசும் அப்படித்தான். எங்கள் பின்வளவில் இலை கொட்டிக் கூரைப் பீலியை அடைக்கும் இந்த மரத்தில் எழுநூறுக்கு மேல் இனம். ஒரு சிலவற்றைத் தவிர அத்தனையும் அவுஸ்திரேலியா. அவுஸ்திரேலியாவின் அடையாளம் என்றே சொல்வார்கள். ஆனால் அதன் மிகப் பழைய, ஐயத்துக்கு இடமில்லாத புதைபடிவங்கள் கிடைத்தது ஆர்ஜென்டீனாவின் பத்தகோனியாவில், சுமார் 5 கோடியே 20 இலட்சம் வருடப் பாறையில். அந்தாட்டிக்கா அப்போது பனி இல்லாத காட்டு வழி. இன்று தென்னமெரிக்காவில் நிற்கிற யூகலிப்டஸ் எல்லாம் மனிதர் கொண்டுபோய் நட்டது. ஒரு கண்டத்தில் ஒரு மரம் இல்லை என்றால் அது வரவே இல்லையா, வந்து செத்ததா என்று வெறும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் அதைத்தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன்.

வாளிக்குள் கடல்

கடல் கடந்தது என்று வாசிப்பது ஒன்று, நம்புவது வேறு. மடகஸ்காரிலிருந்து கிம்பர்லிக் கரை நேர்கோட்டில் 7,000 கிலோமீற்றருக்கு மேல். நேர்கோட்டிலும் வர முடியாது. பேர்த்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கடலின் சுழற்சி நன்றாகத் தெரியும், 2014இல் காணாமல்போன எம்.எச். 370 மலேசிய விமானத்தைத் தேடிய கப்பல்களும் விமானங்களும் இங்கிருந்துதான் போய் வந்தன. அந்த விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று பதினாறு மாதம் கழித்து ரீயூனியன் தீவில் ஒதுங்கியது, மடகஸ்காருக்குப் பக்கத்தில். அதாவது வெப்பமண்டலத்தில் நீரோட்டம் அவுஸ்திரேலியாவிலிருந்து மடகஸ்காருக்கு ஓடுகிறது. பெருக்கங்காய் அதற்கு எதிர்த்திசையில் வர வேண்டும். தெற்கே இறங்கி, குளிர்ந்த கடலில் கிழக்கே திரும்பி, பெரிய வட்டமடித்து. ஆபிரிக்காவுக்குப் போனதைக் கேட்டால் ஆச்சரியம் இல்லை, நடுவில் இருப்பது மொசாம்பிக் கால்வாய்தானே. அவுஸ்திரேலியாப் பயணம்தான் நம்ப முடியாதது.

ஒரு காயைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. பள்ளிமுனை மரத்தின் காய் ஒன்றை மச்சாளின் கையில் அம்மா கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் மச்சாள் நேர்மையாகப் படிவத்தில் எழுதிக் காட்டினாள், அவர்கள் புன்சிரிப்போடு வாங்கிக் குப்பையில் போட்டார்கள். சட்டப்படி சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் கொட்டை கிம்பர்லியில் கரை ஏறியபோது படிவம் நிரப்பச் சொல்ல அங்கே ஒரு மனிதப் பிறவி இல்லை என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு வேலை விஷயமாகக் கிம்பர்லிக் கரையில் உள்ள புரூம் போனபோது சந்தையில் போவாப் காய் வாங்கினேன். மேலே கங்காருவும் மீனும் செதுக்கி விற்பார்கள். செதுக்காதது வேண்டும் என்று கேட்டதும் அந்தக் கிழவி ஒரு சிரிப்புச் சிரித்து, காலடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். தேங்காயில் பாதி அளவு. மேலே தவிட்டு நிறத்தில் பூனைக்குட்டி மயிர் மாதிரி ஒரு மென்மை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ உலர்ந்தது கடகடக்கும்.

கொட்டஸ்லோக் கடற்கரையிலிருந்து இருபது லீற்றர் வாளியில் கடல்நீர் மொண்டு வந்து, காயை அதில் விட்டு, கராஜில் வைத்தேன். மூன்றில் இரண்டு பங்கு வெளியே தெரிய மிதந்தது. முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் வாரம் தண்ணீருக்குள் இருந்த பக்கத்தின் மயிர் கழன்று சளிபோல் ஆனது. மனைவி மூக்கைச் சுளித்தாள். மகள் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் வந்து, "தாண்டிட்டுதா அப்பா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் 1855இல் சாள்ஸ் டார்வின் வீட்டிலும் இதே கூத்துத்தான். அவர் விதைகளை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டார். விதை கடலைத் தாண்டாது, பழைய நிலத்தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நண்பர், தாவரவியலாளர் ஹூக்கரின் கட்சி. டாக்டர் ஹூக்கரை அப்பா வென்றுவிடுவாரா என்று டார்வினின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 87 வகை விதையில் 64 வகை, 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. ஒன்றிரண்டு 137 நாள் தாங்கின. ரொட்டியோடு நான் ஹூக்கர் கட்சியில் இருந்தேன், வாளியோடு கட்சி மாறியிருந்தேன்.

இருபத்தாறாம் நாள் காய் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. காம்புப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. எடுத்து உடைத்தேன். உள்ளே உலர்ந்த பால்மாக் கட்டி மாதிரி இருக்க வேண்டிய வெள்ளைச் சதை கஞ்சியாகிப் புளித்து நாறியது. அதற்குள் கொட்டைகள், அவரைக்கொட்டை வடிவில், கறுத்துத் திண்மையாக, கல் மாதிரி. நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். கழுவிப் பன்னிரண்டை எடுத்து, அரத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, சுடுதண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து நட்டேன். மூன்று முளைத்தன.

இருபத்தாறு நாளில் ஒரு காய் மடகஸ்காரிலிருந்து வந்துவிடாது, அது எனக்கும் தெரியும். என் வாளியில் அலை இல்லை, வெயில் இல்லை, கொத்திப் பார்க்க மீன் இல்லை. கடலைக் கடந்ததும் இந்தக் காய் இல்லை, இதன் கோடி வருட மூதாதை. அதன் ஓடு எவ்வளவு தடிப்போ. தனிக் காயாகவும் வந்திருக்கத் தேவையில்லை. மடகஸ்காரில் வருடா வருடம் சூறாவளி அடிக்கிறது, ஆறு பெருகி மரமும் மண்ணும் வேரும் பின்னிய தெப்பங்களைக் கடலுக்குள் தள்ளுகிறது. வாளி எனக்குச் சொன்னது வேறு விஷயம். இது ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டிய காரியம் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறைகூட நடக்கத் தேவையில்லை. ஒரு கோடி வருடத்தில் ஒரே ஒரு காய், ஒரே ஒரு கரை, அங்கே ஒரு மழை. நான் அதுவரை "சாத்தியமா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது "எத்தனை தடவை முயன்றிருக்கும்" என்று.

மனிதர் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சிலர் வாதாடியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் மனிதர் காலடி வைத்து ஆயிரக்கணக்கில்தான் வருடம் எண்ணலாம். இந்த மரம் தன் சொந்தங்களைப் பிரிந்ததோ இலட்சங்களையும் தாண்டி. ஆகவே அது பொருந்தாது. ஆனால் வந்த பிறகு கதை வேறு. ஹரிப்பிரியா ரங்கன், கரன் பெல் முதலானவர்கள் 2015இல் கிம்பர்லி மரங்களின் மரபணுவையும் அங்குள்ள ஆதிக்குடி மொழிகளில் இந்த மரத்துக்கு வழங்கும் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மரம் உள்நாட்டுக்குப் பரவிய பாதையும் சொல் ஒரு மொழியிலிருந்து மற்ற மொழிக்குக் கடன்போன பாதையும் ஒத்துப்போயின. மக்கள் காயைச் சாப்பிட்டுக்கொண்டே நடந்திருக்கிறார்கள். அதே குழுவினர் இந்தியப் பெருக்கமரங்களையும் பார்த்தார்கள். அவை ஒரே தடவையில் வந்தவை அல்ல. ஆபிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து, வெவ்வேறு காலத்தில், பல தடவை வந்திருக்கின்றன. அம்மாவின் அரபிக்காரர் அதில் ஒருவராக இருக்கலாம். அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கடலோடிகளாகவும் வந்த ஆபிரிக்கர்களின் மடியிலும் கொட்டை இருந்திருக்கும்.

ஆறும் ஒன்றும் ஒன்றும்

மீதி இருப்பது எண்ணிக்கை. ஏன் ஒரு தீவில் ஆறு, இரண்டு கண்டத்தில் ஒவ்வொன்று? தாய்வீடு என்பதால் காலம் கூடக் கிடைத்தது என்பது பாதிப் பதில். மற்றப் பாதி இரவில் இருக்கிறது. பெருக்கமரம் இரவில் பூக்கும். மடகஸ்காரின் சில இனங்களுக்கு நீண்ட குழல் பூ, அதற்குள் விட நீண்ட நாக்குள்ள பருந்து அந்துப்பூச்சி வர வேண்டும். கிரான்டிடியே என்கிற, நெட்டையாய்த் தூண்போல் நிற்கும், எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் அந்த இனத்துக்குத் தூரிகை மாதிரி மேல்நோக்கிய பூ, அதற்கு வௌவாலும் குரங்குக்குச் சொந்தமான லீமரும். விருந்தாளி மாறினால் கலப்பு குறையும். கலப்பு குறைந்தால் கிளை பிரியும். கடல்மட்டம் ஏறி இறங்கியதும் தோப்புகளைத் தனித்தனியாக்கியது என்கிறது 2024 ஆய்வு. ஆபிரிக்காவிலோ பரந்த புல்வெளி, காயைத் தின்று தொலைவில் கழிக்க யானையும் பபூனும், சாக்கில் கட்டிச் செல்ல மனிதரும். எல்லாம் கலந்தபடியே இருந்தால் இனம் எப்படிப் பிரியும்? தவிர ஆபிரிக்க இனத்துக்கு மரபணுவைச் சுமக்கும் நிறமூர்த்தத் தொகுதி இரட்டிப்பானது, மற்ற ஏழிலிருந்தும் அது அதைத் தனியே நிறுத்துகிறது.

எனக்கு இதில் இனத்தை எண்ணுவதே கொஞ்சம் ஏமாற்று என்று படுகிறது. ஆறு பெரிது, ஒன்று சிறிது என்று வாசிக்கிறோம். அந்த ஒன்று சகாராவுக்குத் தெற்கே செனகல் முதல் தென்னாபிரிக்கா வரை நிற்கிறது. ஆறில் பெரியரி என்ற இனமோ மடகஸ்காரின் வடக்கு மூலையில் அழிவின் விளிம்பில். காயைத் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோயிருக்கக்கூடிய இராட்சத லீமர்களும் யானைப்பறவைகளும் மனிதர் வந்த பிறகு அற்றுப்போய்விட்டன. காய் தாயின் காலடியில் விழுந்து அங்கேயே கிடக்கிறது. ஒரு காலத்தில் இரண்டு கடலுக்கு ஆள் அனுப்பிய வீடு அது.

போன ஞாயிறு அம்மாவோடு வீடியோவில் பேசினேன். பள்ளிமுனைக்குத் தங்கச்சியோடு போயிருந்தார். மரத்துக்கு முன்னால் நின்று, படம் ஆடிக்கொண்டே இருந்தது, முழுத்திரையிலும் யானைத்தோல். "உன்ர கொட்டை என்ன மாதிரி?" என்றார். சாடியைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். மூன்றில் ஒன்று அழுகிவிட்டது, இரண்டு நிற்கிறது, ஒரு சாண் உயரம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"இதென்ன, இலை தனித்தனியாக் கிடக்கு? பெருக்கமரத்துக்கு இலை விரிச்ச கை மாதிரியெல்லே இருக்கும். உனக்கு வேற ஏதோ கொட்டையைத் தந்து ஏமாத்திப்போட்டினம்."

"குட்டியில இப்பிடித்தானம்மா ஒற்றை இலை வரும். வளர வளரத்தான் விரல் பிரியும்."

"ம்" என்றார் அம்மா.